ஊட்டியில் கைவிடப்பட்ட குதிரைகள்: முதலில் யாரிடம் போவது?

ஊட்டியில் தெருவில் விடப்பட்ட நான்கு மட்டக்குதிரைகளைப் பராமரிக்கிறீர்கள். தீவனச் செலவு கட்டுபடியாகவில்லை, சவாரிக் குதிரைக்காரர்களும் உங்களை எதிரியாகப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்கொடை அப்புறம். முதலில் அந்தக் குதிரைக்காரர்களிடமே போங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியாக வேண்டும், அதுவே அவர்களுக்குப் பெரிய செலவு. லாடக்காரர் உங்களிடம் வரும் நாளில் அவர்களுடைய குதிரைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். உள்ளங்குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் நெம்பி எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர், நாளைக்குத் தன் குதிரை நொண்டினால் தெருவில் விடுவதற்கு முன் உங்களிடம் சொல்ல வாய்ப்பு உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் சம்பாதிக்க வேண்டும்.

ஊட்டிக்கு அருகே கேத்திப் பக்கம் கேரட் கழுவும் இடங்களில் கழிவுக் கேரட் கேட்டுப் பாருங்கள். ஆனால் அழுகினது, பூஞ்சை பிடித்தது வேண்டவே வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். காய்ந்த புல்தான் முக்கியத் தீவனம், முன்னூறு கிலோ குதிரைக்கு தினம் ஐந்தாறு கிலோவாவது தேவைப்படும்.

புதிதாக வரும் குதிரையைத் தனியே கட்டுங்கள். கால்நடை மருத்துவர் மூலம் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.