எம்ஆர்ஐயில் தெரியும் கரும்புள்ளி உயிருள்ள செல்தானா?

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் உறுப்பில் செல்கள் வளர்கின்றனவா என்று வெட்டிப் பார்த்தால் போதாதா? ஸ்கேன் எதற்கு?

வெட்டிப் பார்ப்பதுதான் இன்றும் நம்பகமான வழி. ஆனால் வெட்டினால் உறுப்பு போயிற்று. 2008இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லர் குழுவினர் எலி இதயத்தின் செல்களைச் சோப்பு போன்ற கரைசலால் கழுவி நீக்கி, மிஞ்சிய சட்டகத்தில் எலிக்குட்டிகளின் செல்களை விதைத்தார்கள். எட்டாம் நாள் அது இரத்தத்தைத் தள்ளியது, வளர்ந்த இதயத்தின் திறனில் சுமார் 2 சதவீதம். அப்படிப்பட்ட இதயத்தில் செல்கள் எங்கே பிடித்தன, எங்கே பிடிக்கவில்லை என்பதை வளரும்போதே பார்த்தால்தானே திருத்த முடியும்?

கேள்வி: செல்லுக்குள் இரும்பை ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கிறார்களாமே, அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். விதைக்கும் முன்பே செல்களுக்கு இரும்பு ஆக்ஸைடு நுண்துகள்களை ஊட்டிவிடுவார்கள். இரத்தசோகைக்கு ஊசியாகப் போடும் ஃபெருமாக்ஸிடால்கூட இதற்கு உதவுகிறது. இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். விதைத்த மறுநாள் செல்கள் எங்கே தங்கின என்று பார்க்க அருமையான முறை. வளர்ச்சியை அளக்க மட்டும் இதை நம்பாதீர்கள். செல் பிரியும்போது இரும்பும் பங்காகிவிடும். நான்கு தடவை பிரிந்தால் ஒரு செல்லிடம் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது, நன்றாக வளரும் இடம்தான் மங்கும்! செத்த செல்லின் இரும்போ அங்கேயே கிடக்கும். உடலில் பொருத்திய பிறகு மேக்ரோஃபேஜ்கள் என்ற உடலின் துப்புரவு செல்கள் அதை விழுங்கி, விதைத்த செல்லைப் போலவே கறுப்பாகத் தெரியும். ஆகவே, கரும்புள்ளியை மட்டும் காட்டி 'செல்கள் நிலைத்துவிட்டன' என்று யாராவது சொன்னால், உயிரோடு இருப்பதற்கு வேறு சான்று கேளுங்கள்.

கேள்வி: மின்மினி மரபணு முறை இதைவிட மேலா?

உயிர் இருக்கிறதா என்று அறிய, மேல்தான். மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் மரபணுவைச் செல்களில் சேர்ப்பார்கள்; அது சேய் செல்களுக்கும் போகும். ஒளிர ஏடிபி என்ற செல்லின் ஆற்றல் மூலக்கூறு வேண்டும்; அது இல்லாத செத்த செல் ஒளிராது. ஆனால் ஆக்ஸிஜனும் வேண்டும் என்பதால், மூச்சுத்திணறும் உட்பகுதி உயிரோடிருந்தும் மங்கலாகத் தெரியலாம். தடித்த திசுவை அந்த ஒளி தாண்டாது. சுண்டெலிக்குச் சரி, மனித அளவு உறுப்புக்கு ஆகாது.

கேள்வி: எங்களிடம் பெரிய ஸ்கேன் வசதி இல்லை. வேறு வழி?

ரெசாசூரின் என்ற சாயத்தைப் பாருங்கள். அதன் நீலக் கரைசலை உறுப்பின் இரத்தக்குழாய் வழியே ஓட்டினால் உயிருள்ள செல்கள் அதை இளஞ்சிவப்பாக்கும். வெளியே வரும் திரவத்தை அளந்துவிட்டு, உறுப்பை அலசி வளர்ப்பைத் தொடரலாம். எந்த இடத்தில் வளர்ச்சி என்று இது காட்டாது, மொத்தக் கணக்குதான். ஆனால் அதே உறுப்பில் திரும்பத் திரும்பச் செய்யலாம்.