எதைக் கவிதை என்பது? கேள்வி பதில்

ஹட்டன், உயர்தர மாணவி: சேர், "கோணக் கோண மலையேறி" என்ற தோட்டத்துப் பாட்டைக் கவிதை என்று எழுதினேன். யாப்பு இல்லை என்று வெட்டிவிட்டார்கள். சரியா?

வெண்பாத் தளை, அதாவது சீரோடு சீர் சேரும் விதி பார்த்தால் முதல் இரண்டு சீரிலேயே தட்டும், மகள். கோ/ணக், கோ/ண இரண்டும் தேமா, அதாவது நேரசையில் முடியும் ஈரசை மாச்சீர். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை (இரண்டு உயிருள்ள அசை) வரவேண்டும், இங்கே நேர் (ஓர் உயிருள்ள அசை) வருகிறது. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்பதைப் பிரித்துப் பாருங்கள். அக/ர, முத/ல இரண்டும் மா. அடுத்து வருபவை முத, எழுத் என நிரையசைகள். எழுத்/தெல்/லாம் நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீர், காய்க்குப் பின் நேர் வரவேண்டும், அதனால் ஆ/தி என்று நேர்.

ஆனால் இது வெண்பாவின் சட்டம் மட்டும். உங்கள் பாட்டில் தட்டுகிற அதே தளைதான் இன்னொரு பாவகையான ஆசிரியப்பாவுக்கு உரியது. தொல்காப்பியமோ இன்னும் தாராளம்: யாப்பின் வகைகளில் பாட்டோடு உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் எல்லாம் உண்டு. பிசி விடுகதை, முதுசொல் பழமொழி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் போடும் விடுகதைக்கே இடம் இருக்கும்போது பாட்டுக்கு இல்லையா? வெட்டியவர் யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பு நூலோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. உங்கள் பாட்டில் அடுத்து வரும் கோப்பிப் பழத்தையும் கட்டுரையில் சொல்லுங்கள்; 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகே தேயிலை மலையெங்கும் பரவியது.

பதுளை: வடமொழியில் உரைநடையும் காவியமாமே?

ஆம். சொல்லும் பொருளும் இணைந்தது காவியம் என்றார் வடமொழி இலக்கணக்காரர் பாமகர், யாப்பை நிபந்தனையாக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஆனந்தவர்த்தனர் தொனியை, அதாவது குறிப்புப் பொருளைத் தேடினார், விசுவநாதர் ரசத்தை, அதாவது சுவையை. யாப்பில் இயற்கை ஆராய்ச்சி எழுதிய கிரேக்க அறிஞர் எம்பெடோக்ளிசைக் கவிஞராக ஏற்க அரிஸ்டாட்டிலும் மறுத்தார். அந்தக் கோலை நம் சோதிட, வைத்திய நூல்களில் வைத்தால் பெரும்பகுதி வெளியே போகும்!

மாத்தளை: சிங்களக் கவிக்கு எதுகை கட்டாயமா?

நீங்கள் சொல்வது அடியீற்று இயைபை, அதாவது அடி முடிவில் ஒலி ஒன்றுவதை. நாலடிச் சிவ்பதம் என்ற சிங்களப் பாவகைக்கு அது வேண்டும். சீகிரியாச் சுவரின் பழைய கீ என்ற சிங்களப் பாக்களுக்கு வேண்டாம். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685ஐ 1956இல் பதிப்பித்தார். சிங்களக் கவிஞர் சிரி குணசிங்கவின் யாப்பற்ற கவிதைத் தொகுப்பும் அதே ஆண்டுதான்.

நுவரெலியா: 5-7-5 அசையில் ஹைக்கூ எழுதினால் இழுபடுகிறது.

ஜப்பானியர் எண்ணும் 'ஓன்' என்ற ஒலியலகு நம் மாத்திரைக்குத்தான் கிட்ட, நெடிலுக்கு இரண்டு. நம் நிரையசையிலேயே இரண்டு உயிர் இருப்பதால் 17 அசை முப்பது ஓனை எட்டிவிடும். எண்ணுவதை விடுங்கள். நடுவில் ஒரு வெட்டு (நிறுத்தம்), பருவத்தைக் காட்டும் ஒரு பருவச்சொல் போதும். செர்ரிப்பூ எதற்கு? உறைபனியில் கருகிய கொழுந்து என்றாலே உங்கள் ஊரில் தை மாசி தெரிந்துவிடும்.

பண்டாரவளை: புதுக்கவிதையில் வரியை எங்கே முறிப்பது?

முழுவதையும் ஒரே பந்தியாக எழுதி வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த முறிப்புகள் வீண். குறைகிற இடத்தில் மட்டும் முறியுங்கள்.