ஒன்றுபோலத் தோன்றும் ஸ்கிப்பர்கள்: கேள்வி பதில்

துள்ளிகள் என்றும் தாவிகள் என்றும் தமிழில் எழுதப்படும் ஸ்கிப்பர் பட்டாம்பூச்சிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இனங்களுக்குத் தமிழில் நிலைத்த பெயர்கள் இன்னும் ஒருமுகமாகவில்லை என்பதால், களத்தில் நாம் அன்றாடம் சொல்லும் ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, வயல் வரப்பில் நான் படம் எடுத்த பழுப்பு நிற ஸ்கிப்பரை ஒரு நண்பர் ரைஸ் ஸ்விஃப்ட் என்கிறார், மற்றொருவர் ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் நெல்லிலும் புற்களிலும் வளர்பவை, இரண்டும் ஒரே வரப்பில் பறக்கும், அளவிலும் நிறத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே வாழிடம் உங்களுக்கு உதவாது. அனைவரும் முதலில் முன்னிறகின் கண்ணாடிப் புள்ளிகளையே எண்ணத் தொடங்குகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டிய இடம் பின்னிறகின் அடிப்புறம். அங்கே வெளிவிளிம்பை நோக்கிச் சிறு வெண்புள்ளிகள் வளைவாக அமைந்திருக்கும். அந்த வரிசையைச் சேராமல், அதற்கும் உடலுக்கும் இடைப்பட்ட அறைப் பகுதியில் (இறகின் நடுவே நரம்புகள் சூழ்ந்த இடம்) ஒரு புள்ளி தனித்து நிற்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நின்றால் அது பெலோபிடாஸ் பேரினம், அதாவது ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்டும் அதன் உறவினர்களும். ரைஸ் ஸ்விஃப்டுக்கு அந்தத் தனிப்புள்ளி கிடையாது.

மேற்புறமும் படத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்டின் ஆணுக்கு முன்னிறகின் மேற்புறத்தில், மணச் செதில்களால் ஆன சாம்பல் நிறச் சாய்கோடு ஒன்று மெல்லியதாக ஓடும். பெயரில் உள்ள 'பிராண்ட்' அதுதான். பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து ரைஸ் ஸ்விஃப்ட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரைஸ் ஸ்விஃப்டில் முன்னிறகின் பின்விளிம்பை ஒட்டி, ஒளி ஊடுருவாத மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று இருக்கும். மற்ற புள்ளிகள் கண்ணாடி போலிருக்க, இது மட்டும் மஞ்சள் தூளைத் தொட்டு வைத்ததுபோல மங்கித் தெரியும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தனிப்புள்ளி தெளிவாக உள்ளது. பெலோபிடாஸ் என்பதில் ஐயமில்லை. மேற்புறம் தெரியாததால் அதற்கு மேல் நான் போகவில்லை.

கேள்வி (மதுரை): அப்படியானால் தனிப்புள்ளி இல்லாதவை எல்லாம் ரைஸ் ஸ்விஃப்ட் தானா?

பதில்: இல்லை. பார்னாரா பேரினத்து ஸ்விஃப்டுகளும் குழப்பும். அவற்றின் உணர்கொம்பு குட்டையானது. முன்னிறகின் முன்விளிம்பு நீளத்தில் பாதியைக்கூட எட்டாது. பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் திரையில் அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம்.

கேள்வி (ஈரோடு): எங்கள் மஞ்சள் தோட்டத்தில், கரிய இறகில் வெள்ளைப் பட்டை கொண்ட ஒன்று திரிகிறது. ரெஸ்ட்ரிக்டெட் டெமனா, காமன் பேண்டட் டெமனா?

பதில்: முன்னிறகின் அடிப்புறத்தில் அந்த வெள்ளைப் பட்டை எங்கே முடிகிறது என்பதே கேள்வி. பட்டை முன்விளிம்பு வரை ஏறிச் சென்று தொட்டால் காமன் பேண்டட் டெமன். விளிம்பைத் தொடாமல் முன்னரே நின்றுவிட்டால் ரெஸ்ட்ரிக்டெட் டெமன். 'ரெஸ்ட்ரிக்டெட்' என்பது கட்டுக்குள் நின்ற அந்தப் பட்டையைக் குறிப்பதாக நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. மேற்புறத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்தால் வீண்தான். பின்னிறகிலும் பெரிய வெள்ளைத் திட்டு இருந்தால் அது கிராஸ் டெமன். மூன்றுமே மஞ்சள், இஞ்சிக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுபவை.

கேள்வி (சென்னை): தெருவிலுள்ள புங்க மரத்தைச் சுற்றி வேகமாகப் பறப்பது காமன் பேண்டட் ஆல் (Awl) என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: புங்கந்தளிரில் முட்டையிடுவதை நீங்களே பார்த்திருந்தால் அது வலுவான சான்று. ஒயிட் பேண்டட் ஆல் இனமும் அடிப்புறத்தில் வெண்பட்டை உடையது. ஆனால் அதன் பட்டை அகலமானது, உடலை ஒட்டிய பகுதியில் நீலப்பச்சை மினுமினுப்பும் உண்டு. இறகு தேய்ந்த பூச்சியில் மினுமினுப்பு போய்விடும் என்பதால் பட்டையின் அகலத்தையே நான் அதிகம் நம்புகிறேன். பட்டையே இல்லாமல் பின்னிறகின் அடிப்புறத்தில் ஒரு சிறு வெண்புள்ளி இருந்தால், அது காமன் ஆல்.

கேள்வி (கொடைக்கானல்): மஞ்சளும் கறுப்புமான டார்ட் படங்கள் என்னிடம் நாற்பது உள்ளன. பழனி மலையின் பெயரைத் தாங்கிய பால்னி டார்ட் அவற்றில் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியாது, நாற்பதும் தெளிவான படங்களாக இருந்தாலும். பால்னி டார்ட் அடங்கிய போட்டாந்தஸ் பேரினத்தின் இனங்களை ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே உறுதியாகப் பிரிக்கிறார்கள். படத்தைப் பார்த்து இனப்பெயர் சொல்பவர்களிடம், எதைக் கொண்டு சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஆனால் உங்கள் நாற்பதில் எல்லாமே போட்டாந்தஸ் அல்ல. ஏழாவது படத்தில் உணர்கொம்பின் நுனியைக் கவனியுங்கள்: ஸ்கிப்பர்களுக்கே உரிய கொக்கி அங்கே இல்லை, கரண்டிபோலத் தட்டையாக முடிகிறது. அது டாரக்ட்ரோசெரா, அதாவது கிராஸ் டார்ட். பெரிய உடலோடு உள்ள பன்னிரண்டாவது படம் டெலிகோட்டா, அதாவது பாம் டார்ட் பேரினம். அதில் முன்னிறகின் மேற்புறத்து மஞ்சள் நிறம் நரம்புகள் வழியே கோடுகளாக வெளிவிளிம்பு வரை நீண்டிருப்பதால் பேல் பாம் டார்ட் ஆண் என்று கொள்ளலாம். டார்க் பாம் டார்டில் மஞ்சள் அப்படி விளிம்பு வரை ஓடுவதில்லை.

கேள்வி (நாகர்கோவில்): அந்தி நேரத்தில் தென்னைக்கு வரும் சிவந்த கண்ணுள்ள பெரிய பூச்சி அந்துப்பூச்சியா?

பதில்: அல்ல, அது ஜெயன்ட் ரெட்ஐ ஆக இருக்கும், அந்தியில் பறப்பது அதன் இயல்பு. முன்னிறகில் மஞ்சள் கண்ணாடிப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். சிவந்த கண் மட்டும் இருந்து புள்ளியே இல்லாவிட்டால், மூங்கிலில் வளரும் காமன் ரெட்ஐயை நினைக்க வேண்டும். தென்னங்கீற்று குழல்போலச் சுருண்டிருந்தால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள்; வெண்மெழுகு இழைகள் போர்த்த புழு உள்ளே இருந்தால் பெயர் உறுதி. இழைகள் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும், தொடாமல் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.