பையில் மூழ்கும் பின்னல்

கேள்வி: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்குரிய சுகர் கிரீம் பையை (pie: மாவு ஓட்டில் இனிப்புக் கலவை நிரப்பிச் சுடும் பண்டம்) செய்தபோது, மேலே பின்னிய மாவுப் பட்டைகள் கிரீமுக்குள் மூழ்கிவிட்டன. எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இந்தப் பை வழக்கமாக மேல்மூடி இல்லாமலே சுடப்படுவது, முட்டை சேராத அதன் கலவை நீர்த்திருப்பதால் பட்டைகளைத் தாங்காது. ஆகவே, ஒரு கப் சீனியோடு கால் கப் சோள மாவைக் கலந்து, இரண்டரை கப் கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றி, மிதமான தீயில் கூழாகக் கெட்டிப்படும்வரை விடாமல் கிளறி, நன்றாக ஆறிய பிறகே, பாதி சுட்டு வைத்த அடிமாவில் நிரப்புங்கள். கிரீம், 35 விழுக்காடு கொழுப்புள்ள பால் கிரீமாக இருக்கட்டும். தாவர எண்ணெயில் செய்த அலங்காரக் கிரீமில் அந்தச் சுவை வரவே வராது.

நம் ஊர் வெக்கையில் மாவிலுள்ள வெண்ணெய் விரைவில் இளகிவிடும் என்பதால், பட்டைகளை எண்ணெய்த்தாளின் மேலேயே பின்னி, ஃப்ரீசரில் 20 நிமிடம் விறைக்கவைத்து, அப்படியே பையின் மேல் நகர்த்துவதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. 190 டிகிரி செல்சியஸில் பின்னல் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். நடுப்பகுதி இலேசாக ஆடினால் கவலை வேண்டாம், ஆறும்போது இறுகிவிடும்.

ஜாதிக்காய்த் தூள் அவசியம். பினாங்கில் நாம் ஊறுகாயாகவும் பானமாகவும் உண்பது அதன் சதை. பைக்குத் தேவை உள்ளிருக்கும் கொட்டை, அதையும் தூவும் நேரத்திலேயே புதிதாகத் துருவிக்கொள்ளுங்கள்.