சார்ஜர் இருக்கட்டும், முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து காட்பாடியில் உள்ள பள்ளிக்குத் தினமும் போய் வருகிறேன். அதற்காகப் பெங்களூரில் ஒரு பழைய டியாகோ ஈ.வி. (டாடாவின் மின்சார கார்) வாங்கினோம், 24 கிலோவாட்-அவர் பேட்டரி. வண்டி நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய சொந்தக்காரர் சார்ஜரைத் தொலைத்துவிட்டாராம். கையோடு எடுத்துப் போகிற சார்ஜராக, 15,000 ரூபாய்க்குள் ஒன்று வாங்க வேண்டும். 7.2 கிலோவாட் வாங்கினால் சீக்கிரம் ஏறும் என்கிறார் கணவர். 3.3 போதும் என்கிறார் கடைக்காரர். எங்களுடையது பழைய வீடு. எதை வாங்கலாம், சார்?
- ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி, டீச்சர். விலை குறைந்ததை வாங்கச் சொல்கிற கடைக்காரர் அபூர்வம், அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

சார்ஜர் என்று நாம் வாங்குகிற அந்தப் பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. வீட்டு லைனில் வரும் ஏ.சி. கரண்டை டி.சி. கரண்டாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிற நிஜ சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தொங்கும் பெட்டி ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான். எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வயர்) இருக்கிறதா, எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும். இந்த லைனில் இத்தனை ஆம்பியர்தான் இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ரிலே என்கிற உள் சுவிட்சைப் போட்டுக் கரண்டை உள்ளே விடும். ஆகவே வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருப்பதுதான். டியாகோவில் 3.3 கிலோவாட் வைத்த வண்டியும் உண்டு, 7.2 வைத்த வண்டியும் உண்டு. சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உங்களுடையது 3.3 என்றால், 7.2 பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3தான் ஏறும்.

சரி, 7.2 வண்டியாகவே இருக்கட்டும். அப்போதும் நான் 3.3தான் சொல்வேன். காட்பாடி போய் வர அறுபது, எழுபது கிலோமீட்டர். அதற்கு ஒன்பது, பத்து யூனிட் போதும். 3.3 பெட்டியில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது மாட்டினால், விடிவதற்கு வெகு நேரம் முன்பே முடிந்துவிடும். 7.2க்கு 32 ஆம்பியர் வேண்டும். தனி வயர், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், ஈ.பி.யில் லோடு கூட்டச் சொல்லி மனு என்று செலவு பெட்டியோடு நிற்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். '7.2 கிலோவாட்' என்று அட்டையில் அச்சடித்து, நுனியில் நம் வீட்டு மூன்று பின் பிளக்கை வைத்து விற்கிறார்கள். அந்த பிளக் தாங்குவதே 16 ஆம்பியர். அந்தப் பெட்டியைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிற்க வைத்தது 'பழைய வீடு' என்ற வார்த்தைகள். சத்துவாச்சாரியில் கடை வைத்திருக்கிறேன். வேலூர், குடியாத்தம், ஆற்காடு என்று பழைய வீடுகளில் போர்டைக் கழற்றிப் பார்ப்பதே என் பிழைப்பு. பெரிய பிளக் பாயிண்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே உள்ள பெரிய ஓட்டைதான் எர்த்துக்கு, அதற்குப் பின்னால் வயரே இருக்காது! வயர் இருந்தாலும் அது போய்ச் சேரும் எர்த் பிட், அதாவது மண்ணில் எர்த் புதைத்த குழி, காய்ந்து கிடக்கும். நம் பக்கம் பாறை மண். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றாத பிட், இருந்தும் இல்லாத கணக்குத்தான். மோட்டாரும் கிரைண்டரும் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும். கார் பெட்டி கண்டுகொள்ளும். சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அப்போது உங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொல்வார்: "நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டுடலாம்மா, பச்சை லைட் எரியும்." எரியும்தான். ஆனால் என்றைக்காவது கம்பத்திலோ மெயின் போர்டிலோ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) விட்டுப்போனால், அந்தத் துண்டு வயர் வழியாக ஷாக் அடிக்கிற ஃபேஸ் கரண்ட் உங்கள் காரின் பாடிக்கு வந்துவிடும். கதவைத் திறக்கக் கை வைப்பது நீங்களாகவும் இருக்கலாம், பிள்ளைகளாகவும் இருக்கலாம். எர்த் இல்லாமலே வேலை செய்யும் என்று பெருமையாக விளம்பரம் செய்கிற பெட்டிகளும் இதே ரகம். வாட்ச்மேனைத் தூங்க வைத்துவிட்டுச் சம்பளம் கொடுப்பானேன்?

அதனால் உங்கள் 15,000 ரூபாயில் முழுவதையும் பெட்டியில் போட வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எர்த்தின் தடை ஐந்து ஓமுக்குள் வந்தால் நிம்மதி. வராவிட்டால் புது பிட் அடியுங்கள். மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் தனியாக வரட்டும். 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), நல்ல கம்பெனியின் 16 ஆம்ப்ஸ் சாக்கெட். சாக்கெட்டில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் மணிக்கணக்காக இழுக்கும். மலிவு சாக்கெட்டின் பித்தளை முதல் கோடையிலேயே தளர்ந்து, பிளக் உருக ஆரம்பித்துவிடும். முதல் வாரம் ஒரு மணி நேரம் ஓடியதும், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

இந்த வேலைக்குப் போக மிச்சமிருப்பதில் பெட்டி வாங்கலாம். பட்ஜெட் கொஞ்சம் இடித்தால் வயரிங்கைக் குறைக்காதீர்கள், பெட்டிக்கு ஒரு மாதம் பொறுங்கள். காரில் மாட்டும் முனை டைப் 2 ஆக இருக்க வேண்டும், அதில் ஏழு துளை இருக்கும். வெளிநாட்டு மலிவுச் சரக்கில் வேறு முனை வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆம்பியரைக் குறைக்கும் பட்டன் இருந்தால் நல்லது. மாமியார் வீட்டுக்குப் போனால் அங்கே வயரிங் எப்படியோ, 8 அல்லது 10 ஆம்பியரில் வைத்து மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். கேபிள் ஐந்து மீட்டராவது வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி ஆரம்பிக்குமா என்று கடையில் கேளுங்கள். நம் ஊரில் இதுதான் முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் கட் ஆகி, பெட்டி நம் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டே நின்றால், காலையில் பஸ்ஸில்தான் போக வேண்டும். வைஃபை, ஆப் எல்லாம் வேண்டாம், அதற்குத் தருகிற காசு தண்டம்.

கரண்ட் பில்லையும் மனதில் வையுங்கள். வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காரை சார்ஜ் செய்யலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் காருக்கு மட்டும் 400 யூனிட்டுக்குக் குறையாது. வீட்டுச் செலவும் சேர்ந்து 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறி பில் எகிறும். அப்போதும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் உங்களுக்கு லாபம்தான்.

கேள்வி: இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். கீழே நிறுத்தும் காருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் செய்யலாமா?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கூடாது தம்பி. கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷனில் வயர் மெல்லியது. அதைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சுருளுக்குள் சூடு ஏறி இன்சுலேஷன் உருகிவிடும். வீட்டு ஓனரிடம் பேசி, உங்கள் மீட்டரிலிருந்து கீழே ஒரு லைன் இறக்குங்கள். உங்கள் மீட்டரில் ஓடுகிற கரண்ட், உங்கள் செலவு என்று சொன்னால் பெரும்பாலான ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். சாக்கெட்டுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரும் அதில்தான் சாப்பிடும்.

கேள்வி: மழையில் சார்ஜ் போடலாமா? பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருக்கிறது.
- ஒரு வாசகர், பள்ளிகொண்டா

பதில்: ஐ.பி.67 என்றால் தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்று அர்த்தம், ஆனால் அந்த எண் பெட்டிக்கு மட்டும்தான். சுவரில் சொருகுகிற பிளக்குக்கு அது கிடையாது. சாக்கெட் கூரைக்குள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பெட்டியைத் தரையில் கிடத்தாமல் இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் வந்த வரத்து உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் தண்ணீர் நிற்கிற அன்று சார்ஜ் போடாதீர்கள், முதலில் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள்.