பெரியம்மையைத் தேடிப் போனவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரியம்மை ஒழிப்பில் பங்காற்றிய அமெரிக்க மருத்துவர் டாக்டர் வில்லியம் ஃபேகி பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். இரண்டு கேள்விகள். எல்லாருக்கும் தடுப்பூசி போட்டதால்தானே பெரியம்மை ஒழிந்தது? அதில் இவருக்குத் தனியாக என்ன பங்கு? அடுத்தது, மிஷன் மருத்துவராக ஆப்பிரிக்கா போனவர் நோயாளிகளை விட்டு நிர்வாகத்துக்குப் போனது, பெற்ற அழைப்பைக் கைவிட்டதாகவே எனக்குப் படுகிறது. என் மகள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். பொதுச்சுகாதாரம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

ஸ்டீபன்

அன்புள்ள ஸ்டீபன்,

எல்லாருக்கும் ஊசி என்பதுதான் அன்றைய திட்டம். இந்தியாவில் 1962 முதல் அது நடந்தது. பதிவேட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, நோய் மட்டும் போகவில்லை. கைக்குக் கிடைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பப் போட்டார்கள். கைக்குழந்தைகளும், பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களும் விடுபட்டார்கள். நோய்க்கு அவர்கள் போதும்.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜா பகுதியில் பெரியம்மை கண்டது. அங்கே மிஷன் பணியில் இருந்த ஃபேகியிடம் எல்லாருக்கும் போடுமளவு தடுப்பூசி மருந்து இல்லை. அங்கிருந்த மிஷனரிகள் மாலையில் ரேடியோவில் பேசிக்கொள்வது வழக்கம். அந்த ரேடியோ வழியே பகுதியை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஆளனுப்பி, அம்மை கண்டவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார். நோய் இருந்த ஊர்களுக்கு முதலில் ஊசி. மீதி மருந்தை, சந்தையும் உறவும் வழியாக நோய் அடுத்து எங்கே போகும் என்று கணித்த மூன்று இடங்களுக்குக் கொண்டுபோனார். அவற்றில் இரண்டில் நோய் ஏற்கெனவே நுழைந்திருந்தது. உடம்பில் கொப்புளம் தெரிவதற்குள் சுற்றிலும் ஊசி போட்டாகிவிட்டது.

இது பலித்ததற்குப் பெரியம்மையின் குணமே காரணம். தொற்றியபின் நோய் வெளிப்பட ஏறத்தாழ 12 நாள் ஆகும். தொற்றிய மூன்று நான்கு நாளுக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நோயாளி பிறருக்குப் பரப்பத் தொடங்கும்போது படுத்த படுக்கையாக இருப்பார், ஆகவே வீட்டாரும் பார்க்க வருகிறவர்களுமே மாட்டுவார்கள். விலங்குகளில் இந்தக் கிருமி தங்குவதில்லை. தழும்பு முகத்திலேயே சாட்சி சொல்லும். தட்டம்மையிலோ கோவிட்டிலோ இதே முறையைப் பெயர்த்துவைக்க முடியாது. அவை வெளியே தெரிவதற்குள் பரவிவிடும்.

யோசனை இவ்வளவுதான். ஃபேகி அதை இந்தியாவில் நடத்திக் காட்டியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அது தனியொருவர் சாதனையும் அல்ல. இந்திய மருத்துவர்கள், சுகாதார ஊழியர்கள், உலக சுகாதார நிறுவனத்தார் என்று பெரும்படையே உழைத்தது. 1973 இலையுதிர்காலத்தில் தேடல் தொடங்கியது. மாதத்தில் ஒரு வாரம், அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையுடன் ஊழியர்கள் ஊர் ஊராக, பிறகு வீடு வீடாகப் போனார்கள். முதல் தேடலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மட்டும் ஏறத்தாழ 10,000 நோயாளிகள் கிடைத்தார்கள். ஒழுங்காகத் தேடினால் எண்ணிக்கை கூடும், கூடினால் திட்டம் தோற்றதாகத் தெரியும். அதிகம் காட்டிய அதிகாரி திட்டு வாங்குவார், அடுத்த முறை குறைத்து எழுதுவார். இந்த வகைத் திட்டங்கள் சீரழிவது பெரும்பாலும் இங்கேதான்.

குடும்பங்களும் மறைத்தன. அம்மை கண்டால் அம்மைத் தெய்வமான சீதளா தேவியே வந்திருப்பதாக வட இந்தியாவில் நம்புவார்கள். தேவி வீட்டுக்கு வந்திருக்கும்போது அந்நியரை உள்ளே விடுவார்களா? அதனால் நோயாளி வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர்களை நிறுத்தினார்கள். பொருக்கு முழுக்க உதிரும்வரை, வருகிறவருக்கெல்லாம் வாசலிலேயே ஊசி. பகலில் வயலுக்குப் போனவர்களுக்கு விடியுமுன்பும் இருட்டியபின்பும் போட்டார்கள். பிளந்த இருமுனை ஊசியை மருந்தில் தோய்த்து 15 முறை குத்தினால் போதும். பயிற்சி சுலபம், பழைய முறையைவிட மருந்தும் பல மடங்கு மிச்சம். நோயைக் காட்டிக்கொடுப்பவருக்கான பரிசு 1975இல் 1,000 ரூபாய் வரை போனது. நோய் அருகிவிட்ட காலத்தில் அந்தப் பரிசுதான் தேடலைச் சோர்ந்துபோகாமல் வைத்தது.

1974 மே மாதம் பீகாரில் நோய் உச்சத்தில் இருந்தபோது, பழையபடி எல்லாருக்கும் ஊசி போடுங்கள் என்றார் மாநில சுகாதார அமைச்சர். கூட்டத்தில் ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு எரிந்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம் என்றார். அமைச்சர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

இனி அழைப்பு பற்றி. ஃபேகி மிஷனை விட்டுப் பொதுச்சுகாதாரத்துக்குப் போனவர் அல்ல, அதைக் கற்றுக்கொண்டே மிஷனுக்குப் போனவர். 1961இல் மருத்துவப் பட்டம். பிறகு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பயிற்சி. 1965இல் ஹார்வர்டில் பொதுச்சுகாதாரப் பட்டம். அதன்பின்தான் லூத்தரன் மிஷன் பணிக்காக நைஜீரியா. 1977இல் அந்த மையத்துக்கே இயக்குநரானார். 1984இல் குழந்தைகள் உயிர்காப்புப் பணிக்குழுவைத் தொடங்கி, யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி முதலியவற்றைத் தடுப்பூசிக்காக ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987இல் அறிவித்தபோது, அதை முறையாகப் பகிர அமைந்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பிறனை நேசி என்ற கட்டளையில் அந்தப் பிறன் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை இல்லையே, ஸ்டீபன். இதில் எந்த இடத்தில் அவர் அழைப்பைக் கைவிட்டார்?

மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் ஹவுஸ் சர்ஜன் காலத்தை அவள் முழுதாக முடிக்கட்டும். நோயாளியைத் தொட்டுப் பார்க்காதவரிடம் எண்கள் வெறும் எண்களாகவே நின்றுவிடும். புள்ளியியலுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சென்னையிலேயே தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது, முதுநிலைப் படிப்பும் உண்டு. களப்பணி அதிகமுள்ள படிப்பா என்று விசாரித்துச் சேரச் சொல்லுங்கள்.