ஆறு தெருக்கள் அடுத்த வார்டுக்குப் போகின்றன: ஆட்சேபம் எழுதுவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கான வார்டு எல்லை என்று ஒரு கூட்டத்தில் வரைபடம் காட்டினார்கள். அதன்படி எங்கள் ஆறு தெருக்கள் பக்கத்து வார்டில் சேர்கின்றன. கோயிலும் சங்க மண்டபமும் பழைய வார்டிலேயே இருக்கும், அங்கே வந்துபோகிற வீடுகள் அடுத்த வார்டுக்குப் போய்விடும். பெரியவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். இளையவர்கள் பலர், "இந்தக் கவுன்சிலர் போனையே எடுப்பதில்லை, போனால் நல்லதுதான்" என்கிறார்கள். ரேட்ஸ் (வீட்டு வரி) ஏறும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. லிம்போபோ மாகாணத்து வுவானியில் பள்ளிகளை எரித்ததையும் ஒருவர் கூட்டத்தில் பேசினார். ஒரு மனு எழுதி நானூறு கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம், அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும்? வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, அந்த நானூறு கையெழுத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதையே மலைபோல நம்பாதீர்கள். வார்டு எல்லை கையெழுத்தை எண்ணி முடிவாவது கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுதின இரண்டு பக்கக் கடிதம், நானூறு பேர் "எதிர்க்கிறோம்" என்று போட்ட கையெழுத்தைவிட வேலை செய்யும்.

முதலில் யாரிடம் கொடுப்பது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல வார்டு எல்லையை மாநகராட்சி வரைவதில்லை, உங்கள் கவுன்சிலரும் வரைவதில்லை. அரசியலமைப்பின் 157-ஆவது பிரிவு அதை ஒரு சுதந்திரமான அமைப்பின் கையில் கொடுத்திருக்கிறது. தாங்கள் போட்டியிடப் போகிற எல்லையைக் கவுன்சிலர்கள் தாங்களே வரைந்துகொள்ளக் கூடாது, காரணம் அவ்வளவுதான். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டான எல்லை நிர்ணய வாரியம்தான் அந்த வேலையைத் தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு செய்து வருகிறது. ஆகவே உங்கள் கடிதம் நேரே வாரியத்துக்குப் போக வேண்டும்.

"நேரே" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்துக்காக நானே ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். சங்கத்தார் அதை ஒரு கவுன்சிலர் அலுவலகத்தில் கொடுத்தார்கள், "நாங்களே அனுப்பிவிடுகிறோம்" என்றார்களாம். மூன்று வாரம் கழித்து நான் போய்க் கேட்டபோது, அது வரவேற்பு மேசைப் பக்கத்தில் ஒரு தட்டில், கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குக் கீழே இருந்தது. கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது: மின்னஞ்சலில் அனுப்பு, கையிலும் கொடு, வாங்கியதற்கு முத்திரை வாங்கு.

அடுத்தது, நீங்கள் பார்த்தது வரைவா, முடிவா என்பது. கூட்டத்தில் காட்டியது பெரும்பாலும் வரைவு. அந்தக் கட்டத்தில் கருத்துக் கேட்பார்கள், கோட்டை நகர்த்துவதும் சுலபம். அப்புறம் வாரியம் தன் நிர்ணயத்தை மாகாணக் கெஜட்டில் வெளியிடும். வெளியான நாளிலிருந்து 14 நாட்களுக்குள், அதனால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் யாரும் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். இது 1998-ஆம் ஆண்டின் 117-ஆவது சட்டமான நகராட்சிக் கட்டமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வாரியம் அந்த ஆட்சேபத்தைப் பரிசீலித்தே ஆக வேண்டும். பிறகு எல்லையை உறுதி செய்யலாம், மாற்றலாம், திரும்பப் பெறலாம். 14 நாளில் சனி ஞாயிறும் சேர்த்திதான். கெஜட் வந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். கடைசி நாள் ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் மட்டும் அடுத்த நாள் வரை நேரம் உண்டு. கூட்டத்தில் எழுந்து பேசியதை ஆட்சேபமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எவ்வளவு கைதட்டல் விழுந்திருந்தாலும் சரி.

இனி விஷயத்துக்கு வருவோம். வாரியம் எதைப் பார்த்துக் கோடு போடுகிறது? எல்லா வார்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வாக்காளர் இருக்க வேண்டும். நகரத்தில் பதிவான மொத்த வாக்காளரை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. எந்த வார்டும் அதற்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கணக்குக்காகச் சராசரி 10,000 என்று வையுங்கள். அப்படியானால் ஒரு வார்டில் 8,500-க்குக் குறையாமல், 11,500-க்கு மேற்படாமல் வாக்காளர் இருக்க வேண்டும். வாக்காளராகப் பதியாத குடித்தனக்காரர்களையும் பிள்ளைகளையும் இதில் எண்ணுவதில்லை, பதிவு செய்த வாக்காளரை மட்டும்தான். 2021 தேர்தலில் டர்பன் அடங்கிய ஈதெக்வினி மாநகராட்சியில் 222 கவுன்சிலர்கள், 111 வார்டுகள். இப்படி நூற்றுக்கு மேல் துண்டு போட்ட ஊரில் ஓர் ஓரத்தில் நாலு அடுக்குமாடி வந்தாலே பக்கத்து வார்டுகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகரும். உங்கள் ஆறு தெரு போவதற்குக் காரணம், மூன்று வார்டு தள்ளி யாரோ புதிதாக வீடு கட்டியதாகவும் இருக்கலாம். சூழ்ச்சி என்று பேசுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு அப்புறம்தான் மற்றவை. சமூகங்களைக் கூடுமானவரை துண்டாடாமல் இருப்பது, வாக்குச்சாவடிக்கு ஏற்ற இடம் இருப்பது, போக வர வசதி, நிலத்தின் மேடு பள்ளம், வாக்காளரின் பாதுகாப்பு, கண்ணுக்குத் தெரிகிற எல்லை, இவ்வளவையும் சட்டம் சொல்கிறது. வார்டுக் குழு மூலம் மக்கள் பங்கெடுக்க வசதியாக இருக்கிறதா என்பதும் அதில் ஒன்று. உங்கள் கடிதம் நிற்க வேண்டிய இடம் இங்கேதான்.

"எங்களை வெட்டாதீர்கள்" என்று எழுதினால் வாரியத்துக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஆறு தெருவை விட்டால் அந்த எண்ணிக்கைக்கு வேறு ஆறு தெருவை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அது எது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். போன தடவை ஒரு மண்டபத்தில் பார்த்தேன், ஒரு பெரியவர் தடித்த மார்க்கரால் வரைபடத்தில் "கோடு இப்படிப் போகட்டும்" என்று இழுத்தார். அந்த மை விழுந்த அகலமே இரண்டு தெரு. அவருக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, என் வீடு மைக்கு அடியில் இருக்கிறது, நான் எந்த வார்டு?" உங்கள் கடிதத்திலும் யாராவது அப்படிக் கேட்க இடம் வைக்காதீர்கள். தெருத் தெருவாக எழுதுங்கள்.

கோடு பெரும்பாலும் தேர்தல் ஆணையத்தின் வாக்குச்சாவடி வட்டாரங்களை, அதாவது ஒவ்வொரு சாவடிக்கும் ஒதுக்கிய பகுதிகளை, கட்டுக் கட்டாக அடுக்கித்தான் போகும். ஆகவே எந்த வட்டாரம் முழுதாக எந்தப் பக்கம் போனால் இரண்டு வார்டும் 15 சதவீத வரம்புக்குள் நிற்கும் என்று பார்த்து எழுதுங்கள். கூடவே கண்ணால் பார்க்கிற காரணம் ஒன்றிரண்டு. புதுச் சாவடிக்குப் போக வயதானவர்கள் ஹிக்கின்சன் ஹைவே போன்ற ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்குமா? இடையில் ஓடை இருக்கிறதா, பாலம் எவ்வளவு தூரத்தில்? மினிபஸ் டாக்ஸி எந்தப் பக்கம் போகிறது? ஒரு ஆயாவைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து சாவடி வரை நடந்து பாருங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே நடைபாதை இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு படமும் எடுங்கள். "எங்கள் பண்பாடு அழியும்" என்று பத்து வரி எழுதுவதைவிட இது பலன் தரும்.

பண்பாடு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த மனுவில் "நம்மவர்களை வேறு ஆட்களோடு சேர்க்கிறார்கள்" என்ற வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். சட்டம் சொல்லும் சமூகத்துக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கிளினிக், ஒரே டாக்ஸி நிறுத்தம், ஒரே மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொள்கிற தொல்லை, இவற்றால் சேர்ந்தவர்கள் ஒரு சமூகம். சாட்ஸ்வொர்த் எப்படி உண்டானது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இனம் பிரித்துக் குடியிருப்பு ஒதுக்கிய 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலும் மேகசின் பேரக்ஸிலும் இருந்த குடும்பங்களை 1960-களில் பெயர்த்துக்கொண்டு வந்து, யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று எண் போட்டுக் குடிவைத்தார்கள். இன்னார் இன்னாரோடுதான் இருக்கலாம் என்று கோடு போட்ட அந்த நியாயத்தை நாமே திரும்ப எழுதிக்கொண்டு வாரியத்தின் முன் போய் நிற்க வேண்டாம். வழக்கறிஞனாகச் சொன்னாலும், அந்த ஒரு வரி மற்ற நல்ல வரிகளையும் கெடுத்துவிடும்.

உங்கள் சங்கத்தில் இரண்டு கருத்து இருப்பதை மறைக்காதீர்கள். போவதே மேல் என்கிற இளையவர்களுக்கும் தனியாகக் கடிதம் எழுத அதே உரிமை உண்டு, எழுதத்தான் போகிறார்கள். "ஊரே ஒருமனதாக எதிர்க்கிறது" என்று நீங்கள் எழுதி, அடுத்த உறையில் அவர்கள் கடிதம் இருந்தால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்: கவுன்சிலர் போன் எடுக்காததற்கும் எல்லைக்கும் சம்பந்தமில்லை. வாரியத்தின் அளவுகோலில் அது இல்லவே இல்லை. அதற்கு மருந்து ஓட்டுப்பெட்டி.

வாட்ஸ்அப் பயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரேட்ஸ் உங்கள் வீட்டின் மதிப்பீட்டையும் மாநகராட்சி முழுவதற்கும் வைத்த விகிதத்தையும் பொறுத்தது, வார்டு எண்ணைப் பொறுத்ததல்ல. பள்ளிச் சேர்க்கை மாகாணக் கல்வித் துறையின் விஷயம். வீட்டுப் பத்திரம், தபால் முகவரி, போலீஸ் நிலையம் எதுவும் மாறாது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கும் காவடிக்கும் தெருவை மறிக்க அனுமதி தருவது மாநகராட்சித் துறைகள்தான். கவுன்சிலர் அதிகபட்சம் சிபாரிசு செய்வார். வுவானியில் பள்ளிகளை எரித்தார்களே என்று யாரோ கூட்டத்தில் பேசினதாக எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் அங்கே நடந்த சண்டை நகராட்சியின் எல்லையையே மாற்றியதற்காக. உங்களுடையது ஒரே நகராட்சிக்குள் வார்டு மாறுவது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அப்படியானால் என்னதான் மாறும்? கவுன்சிலர் மாறுவார், அவர் தலைமையில் இயங்கும் அதிகபட்சம் 10 பேர் கொண்ட வார்டுக் குழுவும் மாறும். கட்சிகளின் மொத்த பலம் அவ்வளவாக மாறாது. உங்களுக்கு இரண்டு வாக்குச்சீட்டு கொடுக்கிறார்கள் அல்லவா, ஒன்று வார்டுக்கு, ஒன்று கட்சிக்கு. இரண்டையும் கூட்டித்தான் ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்று கணக்கிடுகிறார்கள், வார்டில் ஜெயித்ததைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்சிப் பட்டியலிலிருந்து தருகிறார்கள். ஆகவே கோட்டை வளைத்து ஒரு கட்சி பெரிதாக லாபம் பார்க்க முடியாது. அடிபடுகிறவர் சுயேச்சை. அவருக்குப் பட்டியல் கிடையாது, வார்டை விட்டால் வேறு வழியில்லை. வேட்புமனுவுக்கு வேண்டிய 50 கையெழுத்தும் அந்த வார்டு வாக்காளர்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் சுயேச்சையாக நிற்க யாராவது நினைத்திருந்தால், ஆறு தெரு போவது அவருக்குத்தான் பெரிய விஷயம். அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு? போடலாம். எல்லை நிர்ணயத்தையும் நிர்வாக முடிவாகக் கருதி, 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். தாமதமில்லாமல் போக வேண்டும், எப்படியும் 180 நாளைத் தாண்டக் கூடாது. காரணம் தெரியாவிட்டால் 90 நாட்களுக்குள் எழுதிக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் உங்களுக்காகப் புது வரைபடம் வரைந்து தராது. வாரியம் ஆட்சேபத்தைப் படித்ததா, சட்டம் சொன்னதைக் கவனித்ததா என்றுதான் பார்க்கும். 14 நாளில் ஆட்சேபமே போடாமல் அங்கே போனால், அதுதான் உங்களிடம் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கும். ஆறு தெருவுக்காக அட்வகேட் வைத்துச் செலவு செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம்.

எல்லை எப்படி முடிந்தாலும் இன்னொரு வேலை இருக்கிறது. புது எல்லை அடுத்த நகராட்சிப் பொதுத் தேர்தலுக்குத்தான், அதுவரை இடைத்தேர்தல் வந்தால் பழைய எல்லையே. நகராட்சித் தேர்தலில் பதிவான சாவடியில் மட்டுமே ஓட்டுப் போட முடியும். உங்கள் வட்டாரம் முழுதாகப் போனால் பெயரும் கூடவே போகும், இரண்டாகப் பிளந்தால் பதிவைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். வடமேற்கு மாகாணத்து ட்லோக்வே நகராட்சியில், வார்டில் குடியில்லாதவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்ததால் இடைத்தேர்தல்களையே அரசியலமைப்பு நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. தேர்தல் தேதி முறைப்படி அறிவிக்கப்பட்ட பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது.

கடிதத்தை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள், கட்டணம் வேண்டாம். வரும்போது கெஜட் பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். போவதுதான் நல்லது என்கிற இளையவர்களில் ஒருவரையும் கூட்டி வாருங்கள், வட்டாரக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட நமக்கு அவர்தான் வேண்டும்.